மகள் என்னும் அடையாளம்: பார்வதி கிருஷ்ணனின் அரசியல் வாழ்வும் மரபுரிமை குறித்த வினாவும்

ஆய்வுச் சுருக்கம்

அரசியல் தலைவர் ஒருவரின் மகள் பொதுவாழ்வுக்கு வரும்போது அவருடைய வாழ்க்கை ‘வாரிசு அரசியல்’ என்னும் ஒற்றைச் சொல்லுக்குள் அடக்கப்படுவது வழக்கம். சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சராக விளங்கிய ப. சுப்பராயனின் மகளும், கோயம்புத்தூர் மக்களவைத் தொகுதியிலிருந்து மூன்று முறை தேர்ந்தெடுக்கப்பட்டவருமான பார்வதி கிருஷ்ணனின் (1919–2014) வாழ்க்கை அச்சொல்லுக்குள் அடங்குவதில்லை. தந்தையின் கட்சி, தொகுதி, பதவி ஆகிய மூன்றையும் அவர் பெறவில்லை. ஆயினும் குடும்பத்திலிருந்து எதையும் பெறாமல் அவர் அரசியலுக்கு வந்துவிடவுமில்லை. அவர் பெற்றது எது, பெறாதது எது என்பதைப் பிரித்து விளக்குவதும், அப்பகுப்பு இன்றைய மகளிர் அரசியலுக்கு என்ன சொல்கிறது எனக் காண்பதும் இக்கட்டுரையின் நோக்கமாகும்.

திறவுச்சொற்கள்: பார்வதி கிருஷ்ணன், ப. சுப்பராயன், ராதாபாய் சுப்பராயன், குமாரமங்கலம், பொதுவுடைமை இயக்கம், மகளிர் இடஒதுக்கீடு, கொல்லிமலை.

1. முன்னுரை

கொல்லிமலையின் நிருவாக மையமான செம்மேட்டில் வல்வில் ஓரியின் சிலை நிற்கிறது. கடையெழு வள்ளல்களுள் ஒருவனான ஓரிக்கு ஆண்டுதோறும் ஆடி மாதத்தில் அரசு விழாவும் எடுக்கப்படுகிறது. இம்மலையைப் பாடிய சங்கப் புலவர்கள் ஓரியைப் பெயர் சுட்டிப் போற்றினர். பெண்ணைப் பொறுத்தவரை அவர்கள் நினைவில் நின்றது கொல்லிப்பாவை என்னும் வடிவமே. மற்றொரு வள்ளலான பாரியின் நிலையும் இதிலிருந்து வேறுபட்டதன்று. புறநானூற்றின் 112ஆம் பாடலை இயற்றியவர்கள் அவனுடைய மகள்கள். தம் சொந்தக் குரலில் பாடியிருந்தும் தொகை நூல் அவர்களைப் ‘பாரி மகளிர்’ என்றே குறிக்கிறது. அங்கவை, சங்கவை என்னும் பெயர்கள் பிற்கால மரபு தந்தவை.

தலைவனின் மகள் தன் செயலாலன்றித் தந்தையின் பெயராலேயே அறியப்படும் இவ்வழக்கம் பண்டைக் காலத்தோடு முடிந்துவிடவில்லை. இன்றைய அரசியல் விமரிசனத்திலும் ‘இன்னாரின் மகள்’ என்னும் தொடர் விளக்கமாகவும் தீர்ப்பாகவும் ஒருசேரப் பயன்படுகிறது. அத்தொடர் எந்த அளவு பொருந்தும் என்பதைச் சோதிக்கத் தக்க சான்று கொல்லிமலைக்கு அண்மையிலேயே உள்ளது. செம்மேட்டிலிருந்து எழுபது கொண்டைஊசி வளைவுகளைக் கடந்து காரவள்ளியில் இறங்கி, நாமக்கல் வழியே மேற்கே சென்றால் திருச்செங்கோட்டுப் பகுதியை அடையலாம். அப்பகுதியைச் சேர்ந்த குமாரமங்கலம் சமீன் குடும்பத்தில் பிறந்தவர் பார்வதி. 1997இல் நாமக்கல் மாவட்டம் உருவாகும்வரை கொல்லிமலையும் திருச்செங்கோடும் ஒருங்கிணைந்த சேலம் மாவட்டத்தின் பகுதிகளாகவே இருந்தன.

2. தந்தை: கட்சிகளைக் கடந்த சமீன்தார்

ப. சுப்பராயன் (1889–1962) சென்னை மாநிலக் கல்லூரியிலும் பின்னர் ஆக்ஸ்போர்டிலும் பயின்றவர். நீதிக்கட்சி வழியே அரசியலுக்கு வந்த அவர், 1926 திசம்பரில் கட்சி சாராதவராகச் சென்னை மாகாணத்தின் முதன்மை அமைச்சர் பொறுப்பேற்று 1930 வரை அப்பதவியில் இருந்தார். வகுப்புவாரி அரசாணை நடைமுறைக்கு வந்ததும், முத்துலட்சுமி ரெட்டி சட்ட மேலவையின் முதல் பெண் உறுப்பினராக நியமனம் பெற்றதும் இக்காலத்தில்தான். 1930களில் கோயில் நுழைவுக்கான சட்ட முன்வரைவைச் சென்னை சட்ட மேலவையில் கொண்டுவர முயன்றவரும் இவரே.

பின்னர்க் காங்கிரசில் இணைந்த சுப்பராயன், 1937இல் இராசாசி அமைச்சரவையில் சட்டம், கல்வி ஆகிய துறைகளையும், 1947–48இல் ஓமந்தூர் இராமசாமி ரெட்டியார் அமைச்சரவையில் காவல் துறையையும் கவனித்தார். இந்தோனேசியாவுக்கான தூதர், மாநிலங்களவை உறுப்பினர், திருச்செங்கோடு மக்களவை உறுப்பினர், மத்தியப் போக்குவரத்து, தகவல் தொடர்புத் துறை அமைச்சர் எனப் பல பொறுப்புகளை வகித்து, 1962இல் மகாராட்டிர ஆளுநராக இருந்தபோது காலமானார்.

இவ்வரலாற்றில் மகளின் வாழ்வை விளங்கிக்கொள்ள உதவும் செய்தி ஒன்று உண்டு. நீதிக்கட்சி, கட்சி சாராமை, காங்கிரசு என அவரே மூன்று நிலைகளைக் கடந்து வந்தவர். எனவே கட்சி என்பது குலச்சொத்துப் போலக் கைமாறும் பொருளாக அவ்வீட்டில் இருக்கவில்லை. மூத்த மகன் ப. பி. குமாரமங்கலம் படைத்துறையில் சேர்ந்து 1966 முதல் 1969 வரை இந்தியத் தரைப்படையின் தலைமைத் தளபதியாக இருந்தார். மற்றொரு மகன் மோகன் குமாரமங்கலம் கேம்பிரிட்சில் படித்துப் பொதுவுடைமையரானார். மகள் பார்வதியும் அதே இயக்கத்தைத் தேர்ந்தார்.

3. தாய்: பேசப்படாத மரபு

‘அரசியல்வாதியின் மகள்’ என்னும் தொடர் பொதுவாகத் தந்தையையே சுட்டும். பார்வதியைப் பொறுத்தவரை இது உண்மையின் பாதியை மறைத்துவிடுகிறது. அவர் தாய் ராதாபாயும் அரசியலாளரே. மங்களூரில் ஒடுக்கப்பட்ட மக்களின் கல்விக்காகவும் நல்வாழ்வுக்காகவும் உழைத்த குத்முல் ரங்கராவின் மகள் அவர். கொங்கு நாட்டுச் சமீன்தாருக்கும் மங்களூர்ச் சாரசுவதப் பிராமணக் குடும்பத்துப் பெண்ணுக்கும் 1912இல் நடந்த இத்திருமணம் சாதி, மொழி ஆகிய இரண்டு எல்லைகளையும் கடந்ததாகும்.

1930இல் இலண்டனில் கூடிய முதல் வட்டமேசை மாநாட்டுக்கு அழைக்கப்பட்ட இந்தியப் பெண்கள் இருவருள் ராதாபாய் ஒருவர். மற்றவர் பேகம் சா நவாசு. 1932இல் வாக்குரிமையை ஆராய்ந்த லோத்தியன் குழுவிலும் அவர் உறுப்பினராக இருந்தார். சட்டமன்றங்களில் பெண்களுக்கு இடங்கள் ஒதுக்கப்பட வேண்டும் என்பது அவர் நிலைப்பாடு. அக்காலத்துப் பெரிய மகளிர் அமைப்புகள் இதை ஏற்கவில்லை. வயது வந்தோர் அனைவருக்கும் வாக்குரிமை வேண்டும். தனிச்சலுகை வேண்டா என்பது அவற்றின் கோரிக்கை. கொள்கையளவில் அது உயர்ந்த கோரிக்கையே. ஆனால் தேர்தல் களத்தில் கட்சிகள் பெண்களை நிறுத்தாவிட்டால் வாக்குரிமை மட்டும் அவர்களை அவைக்குள் கொண்டுசேர்க்காது என்னும் நடைமுறைக் கணிப்பு ராதாபாயின் வாதத்தில் இருந்தது.

அன்றைய வாக்குரிமையின் அளவையும் இங்கு நினைவிற் கொள்ள வேண்டும். சென்னை மாகாணம் 1921இல் பெண்களுக்கு வாக்குரிமை அளித்தபோது, ஆண்களுக்கு இருந்த சொத்துத் தகுதியே பெண்களுக்கும் பொருந்தியது. 1935ஆம் ஆண்டுச் சட்டம் எழுத்தறிவையும், கணவனின் சொத்துத் தகுதியையும் பெண்ணின் தகுதியாக ஏற்றது. தன் பெயரில் நிலமோ எழுத்தறிவோ இல்லாத உழைக்கும் பெண், கணவனும் ஏழையாயின், இவ்வாக்குரிமையின் எல்லைக்கு வெளியிலேயே நின்றாள். பார்வதி பிற்காலத்தில் யாரிடையே பணியாற்றினாரோ, அந்த ஆலைத் தொழிலாளப் பெண்களும் தோட்டத் தொழிலாளப் பெண்களும் இவ்வகையினரே. தாய் எழுப்பிய பிரதிநிதித்துவ வினாவை மகள் வேறொரு வர்க்கத்தின் நடுவே நின்று எதிர்கொண்டார் எனலாம்.

4. ஆக்ஸ்போர்டு முதல் கோவை வரை

1919இல் பிறந்த பார்வதி ஆக்ஸ்போர்டு பல்கலைக்கழகத்தில் பயின்றார். 1930களின் பிற்பகுதியில் இங்கிலாந்தில் படித்த இந்திய மாணவர்களிடையே பொதுவுடைமைச் சிந்தனை வலுப்பெற்றிருந்தது. பாசிச எதிர்ப்பும் குடியேற்ற ஆட்சி எதிர்ப்பும் அங்கு ஒன்றிணைந்தன. சோதி பாசு, பூபேசு குப்தா, இந்திரசித் குப்தா, ரேணு சக்கரவர்த்தி முதலியோர் அச்சூழலில் உருவானவர்களே. நாடு திரும்பிய பின் 1942இல் பொதுவுடைமைக் கட்சியைச் சேர்ந்த என். கே. கிருஷ்ணனைப் பார்வதி மணந்தார்.

இங்கு அவர் பெயரும் கவனிக்கத்தக்கது. அவருடைய உடன்பிறந்த ஆண்கள் ஊர்ப்பெயரான ‘குமாரமங்கலம்’ என்பதைக் குடும்பப் பெயராகக் கொண்டனர். பார்வதியோ கணவரின் பெயரோடு இணைத்தே அறியப்பட்டார். சமீனின் பெயர் ஆண் மக்கள் வழியே தொடர, மகள் வேறு பெயரோடு வாக்காளர்முன் நின்றார். தந்தையின் பெயரிலிருந்து விடுபட்டாலும் இன்னோர் ஆணின் பெயரையே ஏற்க வேண்டியிருந்தது என்னும் முரணும் இதில் உண்டு.

அவர் பணிக்களமாக அமைந்தது கோயம்புத்தூர். 1930களில் பைக்காரா நீர்மின்சாரம் கிடைத்தபின் அந்நகரில் பஞ்சாலைகள் பெருகின. அவற்றோடு தொழிற்சங்கப் போராட்டங்களும் வளர்ந்தன. 1946 சனவரி 8 அன்று சின்னியம்பாளையத்தைச் சேர்ந்த தொழிலாளர் நால்வர் தூக்கிலிடப்பட்டமை அவ்வட்டாரத்து உழைக்கும் மக்களின் நினைவில் ஆழப் பதிந்த நிகழ்ச்சியாகும். சேலம் மாவட்டத்தில் தந்தைக்கு நிலமும் செல்வாக்கும் இருந்த நிலையில், கோவையின் பஞ்சாலைத் தொழிலாளரிடையிலும் நீலகிரியின் தேயிலைத் தோட்டத் தொழிலாளரிடையிலும் பார்வதி சங்கப் பணியாற்றினார்.

விடுதலையை அடுத்த ஆண்டுகளில் பொதுவுடைமைக் கட்சி சென்னை மாகாணத்தில் கடும் அடக்குமுறைக்கு உள்ளாயிற்று. 1950 பிப்ரவரி 11 அன்று சேலம் மத்தியச் சிறையில் நடந்த துப்பாக்கிச் சூட்டில் பொதுவுடைமைக் கைதிகள் 22 பேர் உயிரிழந்தனர். தந்தை ஆளுங்கட்சியின் மூத்த தலைவர்; பிள்ளைகள் இருவர் அடக்குமுறைக்கு ஆளான கட்சியினர். அக்கட்சியினர் சுடப்பட்டு இறந்ததோ குடும்பத்தின் சொந்த மாவட்டத்துச் சிறையில். இத்தகைய சூழலில் கட்சியில் நிலைத்து நின்றதைக் குடும்பச் செல்வாக்கின் பயன் என்று விளக்க இயலாது.

5. ஒரே அவையில் தந்தையும் மகளும்

1954இல் சென்னை மாநிலத்திலிருந்து மாநிலங்களவைக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுள் சுப்பராயன் காங்கிரசு உறுப்பினர். பார்வதி பொதுவுடைமைக் கட்சி உறுப்பினர். 1957 பொதுத்தேர்தலில் இருவரும் மக்களவைக்குச் சென்றனர். தந்தை திருச்செங்கோட்டிலிருந்தும் மகள் கோயம்புத்தூரிலிருந்தும் வென்றனர். அத்தேர்தலில் சென்னை மாநிலத்தில் பொதுவுடைமைக் கட்சிக்குக் கிடைத்தவை கோயம்புத்தூர், மதுரை ஆகிய இரண்டு தொகுதிகளே. மதுரையில் வென்றவர் கே. டி. கே. தங்கமணி.

1959இல் சுப்பராயன் மத்திய அமைச்சரானதும் உறவின் முரண் மேலும் கூர்மையடைந்தது. 1960 சூலை 11 நள்ளிரவு முதல் மத்திய அரசு ஊழியர்கள் நாடு தழுவிய வேலைநிறுத்தத்தில் ஈடுபட்டனர். இரண்டாம் ஊதியக் குழுவின் பரிந்துரைகளால் எழுந்த ஏமாற்றமே இதற்குக் காரணம். அரசு அவசரச் சட்டம் பிறப்பித்து வேலைநிறுத்தத்தைத் தடை செய்தது. அதில் முனைந்து நின்ற பிரிவினருள் அஞ்சல், தந்தி ஊழியரும் அடங்குவர். அத்துறைக்குப் பொறுப்பான அமைச்சர் சுப்பராயன். போராட்டத்தை ஆதரித்த கட்சியின் உறுப்பினராக எதிர்வரிசையில் அமர்ந்திருந்தவர் அவர் மகள்.

இந்நிகழ்வைக் குடும்பச் சுவை மிகுந்த செய்தியாகக் குறுக்குவது தவறு. நாடாளுமன்ற முறையில் அமைச்சரும் எதிர்க்கட்சி உறுப்பினரும் கொள்ளும் உறவு அரசமைப்பு சார்ந்தது. தந்தை-மகள் உறவை மீறியும் அது இயங்க முடிந்தது என்பதே இங்குப் பெறப்படும் செய்தி. வாரிசு அரசியலில் குடும்ப உறவு அவையின் உறவை விழுங்கிவிடுகிறது. இங்கு இரண்டும் தனித்தனியே நின்றன. பார்வதி உறுப்பினராக இருந்த அதே இரண்டாம் மக்களவையின் காலத்தில்தான் 1961இல் வரதட்சணைத் தடைச் சட்டமும் மகப்பேற்றுப் பயன் சட்டமும் நிறைவேறின. முந்தைய சட்டத்துக்காக இரு அவைகளின் கூட்டமர்வு நாட்டின் வரலாற்றில் முதன்முறையாகக் கூட்டப்பட்டது.

1962 தேர்தலில் பார்வதி காங்கிரசு வேட்பாளர் பி. ஆர். ராமகிருஷ்ணனிடம் தோற்றார். அதே ஆண்டு அக்டோபரில் தந்தை மறைந்தார்.

6. பிரிவுகளும் ஒரு விபத்தும்

1964இல் பொதுவுடைமைக் கட்சி பிளவுபட்டபோது பார்வதி இந்தியப் பொதுவுடைமைக் கட்சியிலேயே தொடர்ந்தார். அண்ணன் மோகன் குமாரமங்கலம் 1960களின் பிற்பகுதியில் கட்சியை விட்டு விலகிக் காங்கிரசை அடைந்து, 1971இல் இந்திரா காந்தி அமைச்சரவையில் எஃகு, சுரங்கத் துறை அமைச்சரானார். ஆளுங்கட்சியில் மீண்டும் குடும்பத்துக்கு இடம் கிடைத்த அவ்வேளையிலும் தங்கை தம் இடத்தை மாற்றிக்கொள்ளவில்லை.

1973 மே 31 அன்று சென்னையிலிருந்து தில்லி சென்ற இந்தியன் ஏர்லைன்சு விமானம் பாலம் விமான நிலையத்துக்கு அருகே விழுந்து நொறுங்கியது. இறந்த 48 பேருள் மோகன் குமாரமங்கலமும் ஒருவர். கோயம்புத்தூரின் மக்களவை உறுப்பினரும் பொதுவுடைமைத் தலைவருமான கே. பாலதண்டாயுதமும் அதே விமானத்தில் உயிரிழந்தார். பாலதண்டாயுதத்தின் மறைவால் காலியான தொகுதிக்கு 1974இல் நடந்த இடைத்தேர்தலில் வென்று பார்வதி மீண்டும் மக்களவைக்குச் சென்றார். தெற்காசிய அரசியலில் இறந்தவரின் மனைவி, மகள், தங்கை முதலியோர் அவருடைய இடத்துக்கு நிறுத்தப்படுவது வழக்கமானதே. இங்கு அமைச்சரான அண்ணன் இறந்தும், தங்கை ஏற்றது அண்ணனின் இடத்தையன்று. உயிரிழந்த தோழரின் இடத்தையே. குடும்ப உறவுக்கும் இயக்க உறவுக்கும் உள்ள வேறுபாட்டை இவ்வொரு நிகழ்ச்சி தெளிவாகக் காட்டிவிடுகிறது.

மதிப்பீடு ஒருபக்கமாக அமைந்துவிடலாகாது. 1975இல் நெருக்கடிநிலை அறிவிக்கப்பட்டபோது பார்வதி சார்ந்த கட்சி அதை ஆதரித்தது. பின்னர் அந்நிலைப்பாடு பிழையென ஒப்புக்கொண்டது. 1977இல் காங்கிரசு, அ.தி.மு.க. ஆகியவற்றோடு அமைந்த கூட்டணியின் வேட்பாளராகவே அவர் கோவையில் மூன்றாம் முறை வென்றார். தந்தையின் கட்சியை விலக்கிய அவரும், தம் கட்சியின் முடிவுகளுக்குக் கட்டுப்பட்டவரே. 1980இல் தி.மு.க.வின் இரா. மோகனிடம் தோற்றபின் அவர் மீண்டும் மக்களவைக்குச் செல்லவில்லை. 2014 பிப்ரவரி 20 அன்று தம் 94ஆம் வயதில் காலமானார்.

7. மரபுரிமையின் மூவகை

மேற்கண்ட செய்திகளின் அடிப்படையில் அரசியல் மரபுரிமையை மூன்றாகப் பகுக்கலாம்.

முதலாவது, பதவி மரபுரிமை. கட்சித் தலைமை, தொகுதி, வாக்கு வங்கி ஆகியவை ஒரு தலைமுறையிலிருந்து மறு தலைமுறைக்குக் கைமாறுவது இது. பார்வதியிடம் இது அறவே இல்லை.

இரண்டாவது, மூலதன மரபுரிமை. வெளிநாட்டுக் கல்வி, ஆங்கிலப் புலமை, அதிகாரத்தில் உள்ளோர்முன் அச்சமின்றிப் பேசும் பழக்கம், பொதுவாழ்வுக்கு வந்த பெண்ணைத் தடுக்காத வீடு ஆகியவை இதில் அடங்கும். இது பார்வதிக்கு நிறைவாகவே கிட்டியது. உழைப்பாளர் கட்சியும் நாடாளுமன்றத்துக்கு அனுப்பும் உறுப்பினரைத் தேர்ந்தபோது இத்தகைய மூலதனத்துக்கு மதிப்பளித்தது என்பதை மறுக்க இயலாது. பஞ்சாலையில் நூற்ற பெண்ணே அவ்வவையில் அமர நேரவில்லை. அவளுக்காகப் பேசச் சமீன்தாரின் மகளே சென்றார். இது பார்வதியின் குறையன்று, இயக்கத்தின் வரம்பு.

மூன்றாவது, வினா மரபுரிமை. ஒரு தலைமுறை தீர்க்காமல் விட்ட கேள்வியை அடுத்த தலைமுறை ஏற்பது இது. கோயில் நுழைவு குறித்த தந்தையின் முயற்சியும், பெண் பிரதிநிதித்துவம் குறித்த தாயின் வாதமும் இவ்வகையில் அடங்கும். விடை ஒன்றாக இருக்க வேண்டும் என்னும் கட்டாயம் இதில் இல்லை. மோகன் குமாரமங்கலத்தின் மகளான லலிதா குமாரமங்கலம் பாரதிய சனதா கட்சியில் பணியாற்றி, 2014இல் தேசிய மகளிர் ஆணையத்தின் தலைவரானார். அத்தையும் மருமகளும் அரசியலில் எதிரெதிர்த் துருவங்களில் நின்றபோதும், பெண்ணின் பொதுவெளி இடம் என்னும் வினா இருவர் வாழ்விலும் தொடர்கிறது.

இப்பகுப்பு இல்லாமல் ‘வாரிசு’ என்னும் சொல்லைக் கையாளும்போது, தந்தையின் தொகுதியைப் பெற்றவரும் தந்தையை எதிர்த்து நின்றவரும் ஒரே வரிசையில் வைக்கப்படுகின்றனர்.

8. செம்மேட்டிலிருந்து எழும் வினா

மூலதன மரபுரிமையை எவரும் சட்டத்தால் பகிர்ந்தளிக்க முடியாது. அது இல்லாதவர்க்குச் சட்டம் தரக்கூடியது இடம் ஒன்றே. 1930இல் ராதாபாய் கேட்டதும் அதுதான். அவ்வாதம் உள்ளாட்சி நிலையில் 73ஆம் அரசமைப்புத் திருத்தத்தின் வழியே 1993இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாடு 2016இல் உள்ளாட்சிகளில் பெண்களுக்கான பங்கைப் பாதியாக உயர்த்தியது. மக்களவையிலும் சட்டமன்றங்களிலும் மூன்றில் ஒரு பங்கு ஒதுக்கும் 106ஆம் திருத்தம் 2023இல் நிறைவேறியது. தொகுதி மறுவரையறைக்குப் பின்னரே அது நடைமுறைக்கு வரும் என்பதும் அதிலேயே எழுதப்பட்டுள்ளது.

கொல்லிமலையில் வாழவந்திநாடு, வளப்பூர்நாடு என நாட்டுப் பெயர்களைத் தாங்கிய ஊராட்சிகள் உள்ளன. மலையாளிப் பழங்குடி மக்கள் பெரும்பான்மையாக வாழும் இம்மலை, பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்ட சேந்தமங்கலம் சட்டமன்றத் தொகுதியைச் சேர்ந்தது. இங்கு ஊராட்சித் தலைவராகும் ஒரு பெண்ணின் தந்தை முதன்மை அமைச்சராக இருந்ததில்லை. அவர் ஆக்ஸ்போர்டு சென்றதுமில்லை. ஒதுக்கீடு அவருக்கு இருக்கையைத் தருகிறது. அவ்விருக்கையிலிருந்து எழும் குரல் அவருடையதா, தந்தை அல்லது கணவனுடையதா என்னும் ஐயம் தமிழக ஊராட்சிகள் பலவற்றிலும் இன்றும் எழுப்பப்படுகிறது. பார்வதியின் வாழ்க்கை இதற்கு ஓரளவு விடை தருகிறது. குடும்பத்துக்கு வெளியே ஒரு சங்கம், ஓர் இயக்கம், ஒரு தோழமை வட்டம் அமைந்தபோதே தந்தையின் நிலைக்கு மாறான நிலையை அவரால் எடுக்க முடிந்தது. கல்வி அவருக்குப் பேச்சாற்றலைத் தந்தது. தனித்து நிற்கும் வலிமையை அமைப்பு தந்தது. முன்னது எல்லோர்க்கும் ஒரே அளவில் வாய்ப்பதில்லை. பின்னதை மலையிலும் கட்டியெழுப்பலாம். மகளிர் சுயஉதவிக் குழுக்கள், விளைபொருள் கூட்டுறவுகள் போன்றவை கடன் பெறும் வாயில்களாக மட்டும் நின்றுவிடாமல் அத்தகைய அமைப்புகளாக வளரும்போதுதான் ஒதுக்கீட்டின் நோக்கம் நிறைவெய்தும்.

9. முடிவுரை

பார்வதி கிருஷ்ணன் தந்தையின் பதவியைப் பெறாதவர். பெற்றோரின் கல்விச் சூழலைப் பெற்றவர். தாயின் வினாவை வேறு களத்தில் தொடர்ந்தவர். இம்மூன்றையும் பிரித்தறியும்போது ‘அரசியல்வாதியின் மகள்’ என்னும் தொடர் அவரைப் பற்றிய ஆய்வின் தொடக்கமாகுமேயன்றி முடிவாகாது. தமிழ்நாட்டு மகளிர் அரசியல் வரலாற்றை எழுதுவோர் தந்தைவழி மரபோடு தாய்வழி மரபையும், குடும்பத்தோடு அமைப்பையும் இணைத்து நோக்க வேண்டும் என்பது இதனால் பெறப்படுகிறது.

பாரி மகளிர்க்குத் தொகை நூல் பெயர் தரவில்லை. பார்வதிக்குப் பெயர் உண்டு. தேர்தல் வெற்றிகளும் தோல்விகளும் அவை நடவடிக்கைகளும் பதிவாகியுள்ளன. அவர் பணியாற்றிய பஞ்சாலைகளிலும் தேயிலைத் தோட்டங்களிலும் சங்கம் வளர்த்த தொழிலாளப் பெண்களின் பெயர்கள் அவ்வாறு பதிவாகவில்லை. அவற்றைத் திரட்டுவது அடுத்து வரும் ஆய்வாளர் முன்னுள்ள பணியாகும்.